நீரிழிவு என்று அறிந்த குடியானவர் செய்யத் தக்கவை

நிலமுடைய குடியானவர் பலருக்குத் தம் உடலில் நீரிழிவு இருப்பது தற்செயலாகவே தெரியவருகிறது. கண்புரைக்கு அறுவை செய்துகொள்ளச் செல்லுமிடத்திலோ, காலில் முள் தைத்த புண் மாதக்கணக்கில் ஆறாதிருக்கையிலோ, ஊரில் நடக்கும் பரிசோதனை முகாமிலோ இரத்தம் எடுத்துப் பார்த்த பின்னரே செய்தி வெளிப்படுகிறது. அன்று வரை அவர் நோயாளியென்று தம்மை எண்ணியதில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சற்று அசதியும் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிப்பதும் வயதின் குறையென்றே கருதியிருப்பார். ஆதலின் வீடு திரும்பியதும் இரு தவறுகளுள் ஒன்று நேருகிறது. வலியில்லாத வியாதி என்ன செய்துவிடும் என்று மாத்திரையைப் பரணில் வைத்துவிடுவது ஒன்று. அரிசியைக் கண்ணிலும் காணலாகாதென்று மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சி குடித்து, மூன்று வாரத்தில் சலித்துப் பழைய வழக்கத்திற்கே மீளுவது மற்றொன்று. இரண்டும் ஒரே இடத்திற்குத்தான் கொண்டு சேர்க்கும்.

இந்நோய் புதிதன்று. மதுமேகம் என்னும் பெயரால் நம் பண்டை வைத்திய நூல்கள் இதனைக் கூறியுள்ளன. சிறுநீர் இனிப்பதையும் அதில் எறும்பு மொய்ப்பதையும் அக்காலத்தவரே கண்டிருந்தனர். பிறவியிலேயே வருவது ஒன்று, தகாத உணவாலும் உழைப்பின்மையாலும் வருவது ஒன்று எனச் சுசுருத சங்கிதை வகைப்படுத்துகிறது. பின்னதற்கு அந்நூல் விதிக்கும் சிகிச்சைகளுள் நெடுந்தூரம் நடப்பதும், பசுக்களோடு திரிவதும், கிணறு வெட்டுவதும் அடங்கும். உழவரின் அன்றாடத் தொழிலே மருந்தாகச் சொல்லப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

நோயின் இயல்பைப் பாசன முறையைக் கொண்டே விளக்கலாம். உண்ட சோறு செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. இரத்தக் குழாய்களை வாய்க்காலாகவும், தசைகளை வயலாகவும் கொள்வோமாயின், வயலுக்குள் நீர் பாய மடை திறக்கவேண்டும். அம்மடையைத் திறப்பது கணையத்தில் ஊறும் இன்சுலின் என்னும் சுரப்பு நீர். இரண்டாம் வகை நீரிழிவில் தொடக்கத்தில் இன்சுலின் இல்லாமற் போவதில்லை. மடைதான் துருவேறி எளிதில் திறப்பதில்லை. வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் படிந்த கொழுப்பே பெரும்பாலும் அத்துரு. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து மடையைத் தள்ளிப் பார்க்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதுவும் களைத்துவிடுகிறது. அப்பொழுது வாய்க்கால் நிரம்பி வழிகிறது, வயலோ காய்கிறது. நோயாளி நிறைய உண்டும் இளைப்பதற்கும், ஓயாத தாகத்திற்கும் காரணம் இதுவே. நிரம்பி வழியும் நீர் கரையை அரிப்பதுபோல, மிகுந்த சர்க்கரை கண், சிறுநீரகம், நரம்பு, இருதயம் ஆகியவற்றின் நுண்ணிய குழாய்களைச் சிதைக்கிறது.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில், நூறு மில்லிலிட்டருக்குச் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் நீரிழிவு எனக் கொள்வர். குளுகோஸ் நீர் கொடுத்து இரண்டு மணி கழித்துப் பார்க்கையில் 200க்குக் குறையாதிருப்பினும் அவ்வாறே. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்னும் பரிசோதனையும் உண்டு, அதில் 6.5 விழுக்காடு எல்லை. நோய்க்குறிகள் ஏதுமில்லாதவர் ஒரு முறை பார்த்ததோடு நில்லாமல் மற்றொரு முறையும் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் பத்தியமாயிருந்து நல்ல எண்ணை வாங்கி மகிழ்வோர் உளர். மூன்று மாதக் கணக்கு அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டணத்தாருக்கும் செல்வர்க்கும் உரிய நோய் என்று இது ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் அதனை உடையவர். கிராமங்கள் இதற்கு விலக்கல்ல. ஏற்றம் மிதித்தும் கவலை இறைத்தும் ஏர்பிடித்தும் வந்த மரபினர், இன்று டிராக்டரை அமர்த்தி உழுகின்றனர். வயலுக்கு மோட்டார் சைக்கிளில் செல்லுகின்றனர். பம்பு செட்டைச் செல்பேசியாலேயே ஓட்டி நிறுத்துவோரும் உளர். கம்பும் வரகும் கேழ்வரகும் உண்ட வயிற்றில் தீட்டிய வெள்ளரிசி மூன்று வேளையும் விழுகிறது. உழைப்பு குறைந்தது, உலையில் இடும் அரிசி குறையவில்லை.

ஆகாரத்தைப் பற்றி முதலில் களையவேண்டிய தப்பபிப்பிராயம் ஒன்றுண்டு. அரிசி நஞ்சு, கேழ்வரகு மருந்து என்பது அது. அரிசியில் நூற்றுக்கு 75 பாகத்திற்கு மேல் மாவுச்சத்து உளது; கேழ்வரகிலும் 65 பாகத்திற்குக் குறையாது. கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி என்பது மெய். ஆயினும் அதனை நைய அரைத்து நீர்க்கக் காய்ச்சிக் குடித்தால் விரைவில் செரித்துச் சர்க்கரையை மளமளவென ஏற்றிவிடும். களியாகவோ, அடையாகவோ, காய்கறியுடன் உண்பதே நலம். எந்தத் தானியமாயினும் முழுமணிக்கு அருகே எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு மெல்லச் செரிக்கும். மாவாகவும் கஞ்சியாகவும் ஆக ஆக விரைவு மிகும்.

அரிசியிலும் எல்லாம் ஒன்றல்ல. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 235 நெல் வகைகளை ஆராய்ந்து 2012ல் முடிவு வெளியிட்டது. உண்டபின் சர்க்கரையை ஏற்றும் வேகத்தைக் குறிக்கும் எண், குளுகோஸை 100 எனக் கொண்டால், அவ்வகைகளில் 48 முதல் 92 வரை வேறுபட்டது. நம் நாட்டில் பரவலாகப் பயிராகும் சுவர்ணா, குறைந்த எண் உடையவற்றுள் ஒன்றாக அதில் காணப்பட்டது. பச்சரிசியைக் காட்டிலும் புழுங்கலரிசியும், நன்கு தீட்டியதைக் காட்டிலும் குறையத் தீட்டியதும் மேல். சோறு ஆறும்பொழுது மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி எளிதில் செரியாத உருவை அடைகிறது. ஆதலின் பழையது அறவே விலக்கத்தக்கதன்று. எனினும் எந்த அரிசியானாலும் அளவு மிஞ்சினால் அதன் நற்குணம் பயன்படாது. சொந்த நிலத்தில் விளைந்தது என்பதற்காக இரண்டு மடங்கு உண்டுவிட்டு நோயை நெல்லின்மேல் ஏற்றுவது முறையன்று.

இலையில் பரிமாறும் முறையை மாற்றுவதே எளிய வழி. பாதி இலையில் கீரை, அவரை, வெண்டை, புடலை, பாகல், பூசணி போன்ற காய்கள்; கால் பங்கில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றுள் ஒன்று; எஞ்சிய கால் பங்கில் மட்டும் சோறு. காயையும் பருப்பையும் முன்னே உண்டு சோற்றைப் பின்னே உண்டால் சர்க்கரை ஏறும் வேகம் தணியும். உருளையும் மரவள்ளியும் சேம்பும் காய்க்கணக்கில் சேரா. அவை சோற்றுக் கணக்கு. கொல்லையில் நான்கு பாத்தி கீரையும் ஒரு பந்தல் காயும் போடும் வசதி பட்டணத்தாருக்கு இல்லை, குடியானவருக்கு உண்டு. அப்படியிருந்தும் கத்தரி சந்தைக்கும் சோறு இலைக்குமாகப் போகும் வீடுகள் பல.

கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவை தீங்கற்றவை என்னும் நம்பிக்கையும் சரியன்று. இவையாவும் இரத்தத்தில் சர்க்கரையாகவே முடிகின்றன. இதனினும் மறைவாக நுழைவது தேநீர். நடவு நாளிலும் அறுவடை நாளிலும் ஆட்களுடன் ஐந்து முறை தேநீர் அருந்துபவர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் சர்க்கரை உட்கொண்டவராகிறார். அவர் பண்டிகைப் பலகாரத்தைத் தொடாமலிருந்து ஆவதென்ன?

உழைப்பைப் பற்றிய ஐயம் ஒன்றுண்டு. நாள் முழுதும் வயலில் இருப்பவருக்குத் தனியே நடை எதற்கு என்று கேட்பர். வயலில் இருப்பது வேறு, உடல் அசைவது வேறு. வரப்பில் குடைபிடித்து நின்று ஆட்களை ஏவுவது தசைக்கு வேலையாகாது. களை எடுத்தல், அண்டை வெட்டுதல், மண் சுமத்தல் இவை வேலையே. ஆனால் இவை ஆண்டு முழுதும் இல்லை. ஆதலின் வேலையற்ற மாதங்களில் நாள்தோறும் அரைமணி நேரம், மூச்சு சற்றே வாங்கும்படி வேகமாக நடத்தல் வேண்டும். தசை அசையும்பொழுது, இன்சுலினின் உதவியை அவ்வளவாக எதிர்பாராமலே மடை திறந்துகொள்ளுகிறது என்பது இதிலுள்ள சூட்சுமம். உண்டபின் பதினைந்து நிமிஷம் நடப்பதற்குத் தனிப் பயனுண்டு. மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு மோட்டாருக்கு நடந்துபோய் வருவதே பலருக்குப் போதுமானதாகும்.

இவ்வளவு சிறிய மாறுதல்களால் பலன் உண்டா என்பதற்குச் சான்று அருகிலேயே இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006ல் வெளியாயிற்று. ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் முற்றியது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கே முற்றியது. நோய் வந்தபின்னும் வழியுண்டு. பிரிட்டனில் நடந்து 2017ல் வெளியான ஆய்வில், நோய் கண்டு ஆறு ஆண்டு கடவாதவர்கள் டாக்டர்களின் மேற்பார்வையில் கடும் பத்தியமிருந்து எடையைக் குறைத்தனர்; ஓராண்டில் ஏறக்குறையப் பாதிப்பேர் மருந்தின்றியே சர்க்கரை கட்டுக்குள் நிற்கும் நிலையை அடைந்தனர். இது நோய் வேரோடு போனதாகாது. எடை மீண்டால் நோயும் மீளும். 75 கிலோ எடையுள்ளவர் நான்கைந்து கிலோ குறைத்தாலே மாற்றம் தெரியும். ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 செண்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80க்குள்ளும் நிற்பது நல்லது.

பத்தியமும் நடையும் மருந்துக்கு மாற்று என்று எவரும் தாமே முடிவு செய்துகொள்ளலாகாது. குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லவேண்டியவை. ஆவாரை, வெந்தயம், பாகல் இவற்றை உணவாகக் கொள்வதில் தடையில்லை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாவில் இனிப்புச் சுவை தோன்றாது; சர்க்கரை வாயில் மணல்போல் இருக்கும். இதைக் கண்டு உடம்பிலுள்ள சர்க்கரையும் அவ்வாறே அழிந்துவிட்டதாக நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் பின்னர் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் அதில் வியப்பில்லை.

மாத்திரை உண்பவரும் இன்சுலின் போட்டுக்கொள்பவரும் அறியவேண்டிய அபாயம் மற்றொன்று. சிலவகை மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை 70க்கும் கீழே இறக்கிவிடக்கூடும். மருந்தை எடுத்துக்கொண்டு, உண்ணாமல், விடியற்காலையில் மண்வெட்டியுடன் இறங்கினால் இது நேரும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். வயலில் இருப்பவர் இதனை வெயில் மயக்கமென்று கருதி நிழலில் படுக்கவைத்துவிடுவர். அது உயிருக்கே முடிவாகலாம். நினைவிருக்கும்பொழுதே மூன்று கரண்டி சர்க்கரையையோ வெல்லத்தையோ நீரில் கரைத்துக் கொடுக்கவேண்டும். கால்மணியில் தெளியாவிடின் மீண்டும் கொடுக்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மற்ற வேளைகளில் விலக்கிய வெல்லம் இவ்வேளையில் மருந்து. மடியில் ஒரு பொட்டலம் எப்பொழுதும் இருக்கட்டும். உடன் வேலை செய்பவருக்கும் செய்தி தெரிந்திருக்கட்டும்.

எல்லாவற்றிலும் குடியானவர் மிகுதியாக இழப்பது காலையே. சர்க்கரை மிகுந்து நரம்பு மரத்தால் முள் தைத்தது தெரியாது. வெயிலில் காய்ந்த இரும்பை மிதித்ததும் தெரியாது. குழாய்கள் சுருங்கியிருப்பதால் புண்ணுக்கு இரத்தம் செல்லாது. சேற்றுக்காலில் விரலிடையே வரும் புண், மற்றவர்க்குப் பத்து நாளில் ஆறுவது, இவருக்கு எலும்பு வரை இறங்கி விரலையோ பாதத்தையோ வாங்கிவிடுகிறது. ஒரு காலை இழந்தவர் நாற்றங்காலில் இறங்கமுடியாது; நிலம் குத்தகைக்குப் போகும், சில வேளை விலைக்கே போகும். ஆகவே வரப்பிலும் களத்திலும் வெறுங்காலுடன் நடத்தலாகாது. சேற்றில் இறங்க முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி கிடைக்கிறது. அணியுமுன் அதனைக் கவிழ்த்து உதறிப் பார்க்கவேண்டும். கரை ஏறியதும் காலைக் கழுவி, விரலிடுக்குகளில் ஈரமில்லாமல் துணியால் ஒற்றவேண்டும். இரவில் விளக்கொளியில் உள்ளங்காலைப் பார்ப்பதை நாள்தோறும் செய்யவேண்டும். தம்மால் குனிந்து பார்க்க இயலாதவர் கண்ணாடியை வைத்தோ, மனைவி மக்களைக் கொண்டோ பார்க்கலாம். சுடுநீரில் கால் வைப்பதும், ஆணிக்காலைப் பிளேடால் சீவுவதும், புண்ணில் சாணமோ சுண்ணாம்போ அப்புவதும் விலக்கத்தக்கவை. பீடி, சுருட்டு பிடிப்பவர்க்குக் குழாய் அடைப்பு விரைவில் வருமென்று கருதி அவற்றை விட்டுவிடுவதே தகும்.

ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் உட்பாகம், சிறுநீரிலுள்ள புரதம், பாத உணர்ச்சி ஆகியவற்றையும், இரத்த அழுத்தத்தை அடிக்கடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணும் சிறுநீரகமும் கெடுவது தொடக்கத்தில் நோயாளிக்குத் தெரிவதில்லை. பெற்றோருக்கு நீரிழிவு இருப்பின் மக்கள் முப்பது வயதிலிருந்தே பரிசோதித்துக்கொள்வது நன்று.

வீடு தேடி மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 5-8-2021ல் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் பரிசோதனை முகாமின் நாளை அறுவடைக்கும் நடவுக்கும் இடைப்பட்ட வாரங்களில் குறிக்கச் சொல்லலாம்; முகாம் வெறும் வயிற்று இரத்தத்திற்காயின் ஆட்கள் வயலுக்குப் புறப்படுமுன், காலை ஆறு மணிக்கே தொடங்கச் செய்யவேண்டும். பத்து மணிக்கு முகாம் வைத்தால் எழுதிக்கொள்ளப் பெயர் கிடைக்கும். பார்க்கவேண்டிய ஆட்கள் அதற்குள் கஞ்சி குடித்துவிட்டு வயலில் இருப்பார்கள்.