நடுக்கடலில் ஒரே பந்தி

1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் எமது குடும்பங்கள் நாடுகள் தோறும் சிதறின. அண்ணன் ரொறன்ரோவில், தங்கை லண்டனில், தம்பி பாரிஸில், பெற்றோர் ஊரில் என்பதே எம்மவரில் அநேகரின் நிலையாயிற்று. கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் மாத்திரமே ஒருவரையொருவர் காண்கின்ற இவ்வுறவினர்கள், பெற்றோரின் எழுபதாவது பிறந்தநாளையோ ஐம்பதாவது திருமண நாளையோ முன்னிட்டு உல்லாசக் கப்பலொன்றில் ஒரு வாரம் ஒன்றுகூடும் வழக்கம் இப்போது எம்மிடையேயும் காணப்படுகின்றது. இருபது பேரைத் தங்கவைக்க எவருடைய வீட்டிலும் இடம் தேடவேண்டியதில்லை. எந்த வீட்டுப் பெண்ணும் ஏழு நாட்கள் அடுப்படியில் நிற்கவேண்டியதுமில்லை. இது வரவேற்கத்தக்கதே.

ஆயினும், ஒரே கப்பலில் ஏறுவது வேறு, ஒன்றாயிருப்பது வேறு. 2024 ஜனவரியில் சேவைக்கு வந்த 'ஐகன் ஒஃப் த சீஸ்' என்னும் கப்பல் 7,600 பயணிகள் வரை கொள்ளக்கூடியது. எமது கிராமங்கள் பலவற்றின் சனத்தொகையே அவ்வளவு இல்லை. பகலில் பிள்ளைகள் நீச்சல் தடாகத்திலும், இளையோர் துறைமுகங்களைச் சுற்றிப்பார்ப்பதிலும், முதியோர் நிழலிலும் பொழுதைக் கழிப்பர். அனைவரும் ஓரிடத்தில் அமரக்கூடிய வேளை இராப்போசனம் ஒன்றுதான். அதுவும் தவறினால், கடல் கடந்து வந்த உறவுகள் மின்தூக்கி வாசலில் தலையசைத்து விலகுவதுடன் அந்த வாரம் முடிந்துவிடும்.

இருவகைப் பந்திகள்

பயணிகள் அனைவரையும் ஒரே நேரத்தில் அமர்த்தக் கப்பலின் பிரதான உணவு மண்டபத்தில் இடமில்லை. எனவே முந்திய பந்தி மாலை 6 மணியளவிலும் பிந்திய பந்தி இரவு 8 மணிக்குப் பின்னரும் நடைபெறுவது பழைய வழக்கம். இதில் நாள்தோறும் அதே மேசை, அதே பரிசாரகர்கள். 2000 ஆம் ஆண்டில் நோர்வேஜியன் குறூஸ் லைன் நிறுவனம் 'பிறீஸ்ரைல்' என்ற பெயரில், விரும்பிய நேரத்தில் வந்து உண்ணும் முறையை அறிமுகஞ் செய்தது. பின்னர் றோயல் கரிபியன் 'மை ரைம்' எனவும், கார்னிவல் 'யுவர் ரைம்' எனவும் இத்தகைய முறைகளை ஏற்படுத்தின. பழைய முறையும் பல கப்பல்களில் இன்னும் உண்டு.

விரும்பிய நேரத்து முறையில் நன்மைகள் பல. நீரிழிவுக்கு ஊசி போடும் முதியவர் நேரத்துடன் உண்ணலாம். துறைமுகத்திலிருந்து களைத்து வந்தவர்கள் சற்றுப் பிந்தி வரலாம். ஆனால், இருவருக்குச் சுதந்திரமாக இருப்பது இருபது பேருக்குச் சுமையாகிவிடுகின்றது. எட்டுப் பேருக்கான மேசை ஒன்று வெறுமையாவதே அரிது. அருகருகே மூன்று மேசைகள் ஒரே வேளையில் வெறுமையாவது அதனிலும் அரிது. முன்னேற்பாடின்றி இரவு 7 மணிக்குச் செல்வோர் வாசலிலேயே நெடுநேரம் நிற்க நேரிடும். கதவு திறந்தவுடன் செல்வதோ கூட்டம் குறைந்த பின்னர் செல்வதோ நன்று.

பயணத்திற்கு முன்னர் செய்யவேண்டியவை

ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிப் பதிவிலக்கம் உண்டு. நான்கு நாடுகளிலிருந்து நான்கு முகவர்கள் ஊடாகப் பதிவு செய்த குடும்பத்தைக் கப்பல் நிறுவனம் நான்கு அந்நியக் குடும்பங்களாகவே கருதும். இவ்விலக்கங்களை ஒன்றாக இணைக்குமாறு முகவரிடம் கேட்டல் வேண்டும். அனைவரும் ஒரே உணவு முறையைத் தெரிவு செய்தலும் அவசியம். ஒருவர் முந்திய பந்தியிலும் மற்றவர் விரும்பிய நேரத்து முறையிலும் பதிந்திருந்தால் ஒரே மேசையில் அமர்வது கடினம்.

மரக்கறி உண்போர், மாட்டிறைச்சி தவிர்ப்போர், ஒவ்வாமை உள்ளோர் ஆகியோரின் விபரங்களைச் சில வாரங்களுக்கு முன்னரே எழுத்தில் அறிவித்தல் நன்று. பல கப்பல்களின் சமையற்கூடங்களில் இந்தியச் சமையற்காரர்கள் பணிபுரிகின்றனர். முன்கூட்டியே சொன்னால் சோறும் பருப்புக் கறியும் மேசைக்கு வர இடமுண்டு.

அகதிகளுக்கான பயண ஆவணத்தில் பிரயாணம் செய்வோர், கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் பணம் கட்டுமுன் விசாரித்தறிதல் வேண்டும். நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பொருந்தும் விதி இவர்களுக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. இதிற் தவறினால் மேசையில் ஓர் ஆசனம் வெறுமையாகவே இருக்கும்.

கப்பலேறிய பின்னர்

முதல்நாள் பிற்பகலிலேயே குடும்பத்தின் சார்பில் ஒருவர் உணவு மண்டபத்தின் தலைமைப் பரிசாரகரைச் சந்திப்பது சிறந்தது. விரும்பிய நேரத்து முறையிலும், இன்ன இரவுகளில் இன்ன நேரத்திற்கு இன்ன மேசைகள் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒழுங்கு செய்து தருவர்.

ஏழு இரவுகளையும் கட்டிப்போடுவது தகாது என்பதே எமது கருத்து. மூன்று அல்லது நான்கு இரவுகள் அனைவருக்கும் போதுமானவை. மயாமியில் மாலை 7 மணி என்பது லண்டனில் நள்ளிரவு, பாரிஸிலும் சூரிச்சிலும் அதிகாலை 1 மணி. ஆகவே ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களை முதலிரவு உறங்கவிடுவதே நியாயம். கப்பல் கரை தொடாத நாட்களும், நல்லுடை அணியும் இரவும் பெரும் பந்திக்கு உகந்தவை. கடைசி இரவில் பயணப்பொதிகளை அறை வாசலில் வைக்கவேண்டியிருப்பதால் நேரத்துடன் உண்பது நன்று.

கடல் நடுவே தொலைபேசியை நம்பியிருக்கலாகாது. அது துறைமுக நாட்டின் நேரத்திற்கு மாறிவிடக்கூடும். கப்பலில் செல்லுபடியாவது கப்பல் நேரமே. அறைக்கு அறை பேசுவதற்கு அறையிலுள்ள தொலைபேசிக்குக் கட்டணமில்லை. உணவு நேரங்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வோர் அறைக்கும் கொடுத்துவிட்டால் வீண் மனக்கசப்பு நேராது. எமது கலியாண மண்டபங்களில் ஒரு மணித்தியாலம் பிந்தி வருவோரைப் பொறுத்துக்கொள்வார்கள். கப்பலில் மேசை கைமாறிவிடும்.

பணமும் மொழியும்

பிரதான மண்டபத்து உணவு பயணக் கட்டணத்தில் அடங்கும். சிறப்பு உணவகங்களுக்கும் மதுபானத்திற்கும் வேறாகச் செலுத்தல் வேண்டும்; பணியாளருக்கான அன்பளிப்பு ஆளுக்கு, நாளுக்கு எனப் பல கப்பல்களிற் சேர்க்கப்படும். உடன்பிறந்தவர்களாயினும் எல்லோருடைய சம்பளமும் ஒன்றல்ல. தொழிற்சாலையில் மணித்தியாலக் கூலிக்கு உழைக்கும் தம்பியைக் கேளாமல், மேலதிகக் கட்டண உணவகத்தில் அனைவருக்கும் இடம் பிடிப்பது அவரைச் சங்கடப்படுத்தும். செலவைப் பயணத்திற்கு முன்பே வெளிப்படையாகப் பேசுவது உறவைக் காக்கும்.

இறுதியாக, மேசையில் யார் யாருக்கு அருகில் அமர்வது என்பதையும் சிந்தித்தல் வேண்டும். கனடாவார் ஒரு மேசை, பிரான்ஸார் ஒரு மேசை, பிள்ளைகள் தனி மேசை என்று பிரிந்தால் வீட்டில் இருந்ததற்கும் கப்பலில் வந்ததற்கும் வேறுபாடில்லை. லண்டன் பிள்ளை ஆங்கிலமும், பாரிஸ் பிள்ளை பிரெஞ்சும், சூரிச் பிள்ளை ஜெர்மனும் பேசுவர். அவர்களுக்குப் பொதுவாக எஞ்சியிருப்பது அம்மம்மாவின் தமிழ் ஒன்றே. அவரைப் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே அமர்த்தி, ஒவ்வோர் இரவும் அவர் அருகிலிருக்கும் பிள்ளையை மாற்றிவிடுங்கள். உணவுப்பட்டியலில் இருப்பது என்னவென்று அவருக்கு விளங்கப்படுத்தவாவது அப்பிள்ளை தமிழில் பேசியே ஆகவேண்டும்.