பழைய போர்ப் பதக்கம்: விலையை ஏத்துறது ஒரு சின்னப் பட்டை! வாங்கும் முன்னாடி 5 செக்கிங்

தங்கம், மியூச்சுவல் ஃபண்ட் தாண்டி "பழைய நாணயம், பதக்கம் வாங்கி வெச்சா லாபமா?"ன்னு பலருக்கும் ஒரு கேள்வி இருக்கு. இன்னைக்கு அதுல ஒரே ஒரு பொருளைப் பார்ப்போம்: 1800-களின் போர்ப் பதக்கத்துல இருக்கும் கிளாஸ்ப்.

ரிப்பனுக்குக் கீழே, பதக்கத்துக்கு மேலே குறுக்கே ஒரு சின்னப் பட்டை இருக்கும். எந்தப் போருக்காகக் கொடுத்தாங்கன்னு அதுல எழுதியிருக்கும். அதுதான் கிளாஸ்ப். 1854-ல் வந்த இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல் ஒரே பதக்கம்தான். ஆனா 20-க்கும் மேற்பட்ட கிளாஸ்ப் இருக்கு. முதல் கிளாஸ்ப் 'பெகு', 1852-53 பர்மா போருக்கானது. அதுலயும் பின்னால 'பர்மா 1885-7' போர்லயும் மெட்ராஸ் ராணுவத்து சிப்பாய்கள் இருந்தாங்க. அதனால இது நம்ம ஊர் சரித்திரமும்கூட.

வீரபாண்டி பக்கம் பனியன் கம்பெனியில வேலை பார்க்கிறவங்களுக்கு இது சுலபமா புரியும். ஒரே டி-ஷர்ட்தான். லேபிளை மாத்தித் தைச்சா விலை மாறிடும். பதக்கத்துக்கு லேபிள் இந்த கிளாஸ்ப். அபூர்வமான கிளாஸ்ப் சேர்ந்தா விலை பல மடங்கு. போலி வேலை நடக்கிறதும் அங்கதான்.

1. எழுத்து: அசல் கிளாஸ்ப் அச்சுல அடிச்சது. எழுத்து கூர்மையா நிக்கும். வார்ப்பில் எடுத்த நகல்ல எழுத்து மழுங்கி, சின்னச் சின்னக் குழி தெரியும். லென்ஸ் வெச்சுப் பாருங்க.

2. ரிவெட்: கிளாஸ்ப் பக்கவாட்டுல ரிவெட் அடிச்சு மாட்டியிருக்கும். புது ரிவெட், சால்டர் தடம் இருந்தா கேள்வி கேளுங்க. ஆனா தாமதமா கிடைச்ச கிளாஸ்ப்பை உள்ளூர் ஆசாரிகிட்ட மாட்டினவங்களும் உண்டு. அதனால இதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க.

3. உலோகம்: 'பர்மா 1885-7' முதல்தான் படையோட போன உதவியாளர்களுக்கு வெண்கலப் பதக்கம் கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி எல்லாம் வெள்ளி. வெண்கலப் பதக்கத்துல 'பெகு' கிளாஸ்ப் இருந்தா ரெண்டும் பொருந்தாது, விட்டுடுங்க.

4. விளிம்பு: இந்தப் பதக்கத்தோட விட்டம் 36 மில்லிமீட்டர். விளிம்புல சிப்பாயோட பேர், படைப்பிரிவு இருக்கும். பழைய பேரை அரம் போட்டு அழிச்சு வேற பேர் வெட்டியிருந்தா விட்டம் குறையும். வெர்னியர் காலிப்பர்ல அளந்து பாருங்க.

5. பட்டியல்: இதுதான் முக்கியமான செக்கிங். யாருக்கு எந்த கிளாஸ்ப் உரிமைன்னு அப்பவே ரோல் எழுதி வெச்சாங்க. இந்தியப் படைகளோட ரோல்கள் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில, இந்தியா ஆபிஸ் ஆவணங்கள்ல இருக்கு. விளிம்புல இருக்கும் பேரும் கிளாஸ்ப்பும் ரோலோட ஒத்துப்போகணும். ரோல் நகல் விற்கிறவர்கிட்ட இருக்கான்னு கேளுங்க.

ஜெர்மனியோட 1870-71 போர்ப் பதக்கத்துல இந்த வசதி இல்லை. வெண்கலப் பதக்க விளிம்புல 'கைப்பற்றிய பீரங்கியிலிருந்து'ங்கிற வாசகம்தான் இருக்கும், வீரர் பேர் இருக்காது. போர்க்கள கிளாஸ்ப்பும் 25 வருஷம் கழிச்சு 1895-லதான் வந்தது. ஆவணம் கூட வரலைன்னா, எந்த கிளாஸ்ப் எந்தப் பதக்கத்தோடதுன்னு பதக்கத்தைப் பார்த்தே உறுதி பண்றது கஷ்டம்.

இப்போ பணக் கணக்கு. வாங்குறது சுலபம், விற்கிறதுதான் சிக்கல். இந்தியாவுல 100 வருஷம் தாண்டிய வரலாற்றுப் பொருளுக்கு 1972-ம் வருஷ தொல்பொருள் சட்டம் பொருந்தும். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி பண்ண முடியாது. தொழிலா விற்க லைசென்ஸ் வேணும். அதாவது லண்டன் ஏலத்து விலையைப் பார்த்து வாங்கினா, அந்த விலைக்கு அங்கேயே விற்க உங்களுக்கு வழி கிடையாது.

அதனால என் கருத்து: எமர்ஜென்சி ஃபண்ட், இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் ஓடுதா? அப்புறம் பொழுதுபோக்குக்கு ஒதுக்கின காசுல வாங்குங்க. வட்டிக்கோ, கிரெடிட் கார்டு இஎம்ஐ-லயோ வேண்டவே வேண்டாம். விலை பேசும்போது முதல்ல எடை போட்டு வெள்ளி மதிப்பைக் கணக்குப் பாருங்க. அதுக்கு மேல கேட்கிற ஒவ்வொரு ரூபாயும் அந்தப் பேருக்கும் அந்தப் பட்டைக்கும்தான். அந்த ரெண்டும் ரோல்ல ஒத்துப்போகலைன்னா, உங்க கையில இருக்கிறது வெறும் வெள்ளி. வெள்ளி விலைக்கு மேல ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க.