நேற்றுத் தின்ற தழை இன்று கொல்வது ஏன்?

மரவள்ளி பிடுங்கும் காலம் வந்தால் சின்னசேலம் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கு கிளம்புவதுண்டு. காலையில் துள்ளிக்கொண்டு போன வெள்ளாடு, பிடுங்கிய காட்டின் ஓரத்தில் குவித்திருந்த தழையைத் தின்கிறது. அரை மணி நேரத்துக்குள் மூச்சு வாங்கி, வாயில் நுரை தள்ளி, காலை உதறிக்கொண்டு விழுந்து விடுகிறது. முந்தின நாளும் இதே ஆடு இதே தழையைத்தான் தின்றது, ஒன்றும் ஆகவில்லை. கூட மேய்ந்த மற்ற ஆடுகள் இப்போதும் நின்று அசைபோட்டுக் கொண்டிருக்கின்றன. அப்படியானால் இது மட்டும் ஏன் செத்தது?

பாம்பு தீண்டியது என்பார் ஒருவர். கண்ணேறு என்பார் இன்னொருவர். காட்டுக்காரர் பூச்சிமருந்து அடித்துவிட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டார் என்று மூன்றாமவர் சொன்னால், அது வரப்புச் சண்டையாகிப் பேச்சுவார்த்தை நின்று போகும். ஊராரைக் குறை சொல்வதற்கில்லை. நேற்றுத் தீனியாக இருந்தது இன்று நஞ்சாக மாறியது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

உண்மையில் தழை மாறவில்லை. நஞ்சு நேற்றும் அதில் இருந்தது.

மரவள்ளி இலையிலும் கிழங்கிலும் லினமரின் என்ற பொருள் உண்டு. அது தனியாக இருக்கும்வரை கெடுதல் பெரிதாக இல்லை. இலையின் நுண்ணிய அறைகளுக்குள் அது ஓரிடத்திலும், அதைச் சிதைக்கும் லினமரேஸ் என்ற நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. இலை கசங்கினாலோ, நறுக்கப்பட்டாலோ, ஆட்டின் பல்லில் அரைபட்டாலோ இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. தன்னைக் கடிக்க வரும் பூச்சிக்கும் பிராணிக்கும் செடி வைத்திருக்கும் வேலி இது.

இந்த நஞ்சு இரத்தத்தில் ஏறினால், மூச்சில் வரும் பிராணவாயுவை உடம்பு பயன்படுத்த முடியாமல் போகிறது. இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் ஆடு திணறிச் சாகிறது. செத்த ஆட்டின் இரத்தம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று சிவந்திருப்பதும் அதனால்தான்.

ஆனால் ஆட்டின் உடம்பும் சும்மா இருப்பதில்லை. ஈரல், கந்தகத்தைக் கொண்டு சயனைடைக் கெடுதல் குறைந்த வேறொரு பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியே தள்ளி விடுகிறது. வேகம் அதிகமில்லை என்றாலும் வேலை நடந்துகொண்டே இருக்கும். ஆகவே எவ்வளவு தின்றது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் தின்றது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. நேற்று வழியெல்லாம் புல்லும் வேலமர நெற்றும் தின்று அரை வயிறு நிரம்பிய பிறகு ஆடு மரவள்ளியில் வாய் வைத்தது, நாலு இலை கடித்து நகர்ந்தது. இன்று வெகுநேரம் கட்டுத்தறியில் பட்டினி கிடந்துவிட்டு, அவிழ்த்ததும் நேரே குவியலில் விழுந்தது. ஈரல் பத்து பங்கை மாற்றுவதற்குள் நூறு பங்கு உள்ளே போய்விட்டது. தப்பித்த ஆடுகள் பின்னால் வந்தவையாகவோ வயிறு நிரம்பியவையாகவோ இருக்கும்.

கணக்குப் பார்த்தால் இது புரியும். ஆடு மாடுகளுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் சயனைடு உயிருக்கு ஆபத்தான அளவு. 20 கிலோ ஆட்டுக்கு இது 40 மில்லிகிராம். இலையில் உள்ள அளவு ரகத்துக்கும் பருவத்துக்கும் தக்கபடி மிகவும் மாறும். ஒரு கிலோ பச்சை இலையில் 400 மில்லிகிராம் வெளிப்படும் என்று வைத்துக் கொண்டால் 100 கிராம் தழையே போதும். பசித்த ஆட்டுக்கு அது எத்தனை வாய்!

நுனிக் கொழுந்தில் நஞ்சு அதிகம், முற்றிய அடி இலையில் குறைவு. வெள்ளாடோ முன்னங்காலைத் தூக்கி நின்று கொழுந்தைத்தான் எட்டிக் கடிக்கும். மழையின்றி வாடிய பயிரிலும், வாட்டத்துக்குப் பின் பெய்த மழையில் புதிதாகத் துளிர்த்த இலையிலும், தழைச்சத்து உரம் மிகுதியாக இட்ட காட்டிலும் நஞ்சு கூடும். கிழங்கு தித்திப்பாக இருக்கும் ரகமானால் இலையும் நல்லது என்று நினைப்பது தவறு. சேகோ ஆலைக்குப் போகும் எச் 226 ஆனாலும், வீட்டில் வேகவைத்துத் தின்னும் ரகமானாலும் இலையில் நஞ்சு உண்டு.

இதே தழையைத் தின்னும் பன்றிக்கு ஆபத்து குறைவு என்பதும் ஒரு விந்தைதான். பன்றியின் வயிற்றிலுள்ள புளிப்பு அந்த நொதியை அடக்கி விடுகிறது. ஆடு மாடுகளின் முதல் வயிற்றில் புளிப்பு குறைவு. ஈரமும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் சேர்ந்து நஞ்சை மடமடவென்று பிரித்துக் கொடுக்கின்றன.

மரவள்ளி நம் மண்ணின் பயிர் அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு உதவும் பயிர் என்று இதைப் பரப்பினார். இதன் தாயகத்து மக்கள் கசப்பு மரவள்ளியைத் துருவி, பிழிந்து, வறுத்துத்தான் உண்கிறார்கள். அந்தப் பக்குவம் தவறினால் மனிதருக்கும் கேடுதான். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் 1981-ஆம் ஆண்டு வறட்சியில், சரியாகப் பதப்படுத்தாத கசப்புக் கிழங்கையே நம்பி வாழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்கள் விளங்காமல் போயின.

மரவள்ளி போடாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இளஞ்சோளப் பயிரில் துரின் என்ற பொருள் இதே வேலையைச் செய்கிறது. முழங்கால் உயரம்கூட வளராத சோளமும், அறுத்த தாளில் கிளைத்த மறுதாம்புத் துளிரும், காய்ந்து கிடந்து மழைக்குப் பச்சை கட்டிய பயிரும் ஆபத்தானவை. தீவனச் சோளத்தைப் பூத்த பின் அறுப்பதே நல்லது. நன்றாகக் காய்ந்த தட்டையால் பயமில்லை.

அதற்காக மரவள்ளித் தழையை எரித்துவிட வேண்டியதில்லை. காய்ந்த தழையில் நூற்றுக்குச் சுமார் 20 பங்கு புரதம் உண்டு. கோடை நெருங்கும் நேரத்தில் இப்படிப்பட்ட தீவனம் வேறு எங்கே கிடைக்கும்? செய்ய வேண்டியது எளிது. தழையைச் சிறிதாக நறுக்கிக் களத்தில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் புரட்டிப் போட்டுக் காயவிட வேண்டும். நறுக்கும்போது நஞ்சு வெளிப்படும். அது சுமார் 26 டிகிரி வெப்பத்திலேயே ஆவியாகக் கூடியது. சின்னசேலத்து வெயில் அதற்குத் தாராளம். ஆனால் நறுக்கிய கையோடு பச்சையாகத் தொட்டியில் போட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. நிழலில் குவித்து அரைகுறையாக வாடிய தழையும் அப்படித்தான். சுருண்டு நொறுங்கும்வரை காய வேண்டும். காய்ந்ததையும் முதலில் சிறிதளவு, வேறு தீவனத்துடன் கலந்து கொடுத்துப் பழக்க வேண்டும்.

கிழங்கின் சதையைவிடத் தோலில் நஞ்சு அதிகம். தோலையும் காய வைத்தே கொடுக்க வேண்டும். சேகோ ஆலைக் கழிவுநீரிலும் இது கரைந்து வருவதால், ஆலை ஓடையில் கால்நடைகளைத் தண்ணீர் குடிக்க விடக்கூடாது.

ஆடு திணறத் தொடங்கிவிட்டால் நிமிடக் கணக்குதான். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஆகிய மருந்துகளை நரம்பில் ஏற்றினால் பிழைக்க வழியுண்டு. இதைக் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும். பக்கத்து மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ உடனே தகவல் கொடுத்து, "மரவள்ளி தின்றது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். மூச்சு வாங்கும் ஆட்டின் வாயில் வெல்லத் தண்ணீரைப் பலவந்தமாக ஊற்றுவதால், அது நுரையீரலுக்குள் போய் ஆபத்தைக் கூட்டும். விழாத ஆடுகளைத் தழையிலிருந்து விலக்கி ஓட்ட வேண்டும்.

திடீரென்று செத்த ஆட்டை அறுத்துக் கூறு போடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அடைப்பான் நோயிலும் ஆடு இப்படியே திடீரென விழும். அது அறுப்பவரையும் தொற்றும். மருத்துவர் வந்து பார்க்கும்வரை கத்தி வைக்கக்கூடாது. என்ன தின்று செத்தது என்று அவர் சொல்லிவிட்டால், பக்கத்துக் காட்டுக்காரரோடு பேச்சுவார்த்தையை நிறுத்த வேண்டிய அவசியமும் இருக்காது.