விளையாட்டுச் சாமான் வாங்கும் பெற்றாருக்கு ஓர் ஆசிரியையின் சில வார்த்தைகள்

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், முன்னர் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி தனது 11 மாதப் பிள்ளையோடு கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய பெட்டி. வரும் வழியில் காலி வீதியிலுள்ள கடையொன்றில் வாங்கியதாம். பெட்டியின் மேல் ‘மொண்டிசோரி’ என்றும், மூளை வளர்ச்சிக்கு உகந்தது என்றும் எழுதியிருந்தது. விலை 9,500 ரூபா. சீட்டுக் காசு கிடைத்ததும் முதல் வேலையாக இதைத்தான் வாங்கியிருக்கிறாள்.

“டீச்சர், இத வச்சி விளையாடினா புள்ளைக்கு மூள நல்லா வளருமாம். உண்மையா?” என்று கேட்டாள்.

பெட்டியைத் திறந்து பிள்ளையின் முன்னால் வைத்தோம். பொத்தானை அமர்த்தியதும் பாட்டு வந்தது, விளக்கு மின்னியது. பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தவழ்ந்து போய் எனது மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தது. திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது. கால் மணித்தியாலம் அதிலேயே இருந்தது. தாயின் முகம் வாடிவிட்டது. இதே கேள்வியைப் பல பெற்றார் என்னிடம் கேட்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் முன்பள்ளிக்கே ‘மொண்டிசோரி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது ஒரு பெண்ணின் பெயர். இத்தாலி நாட்டு வைத்தியரான மரியா மொண்டிசோரி, 1907ஆம் ஆண்டு ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் தமது முதலாவது சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். தாயும் தகப்பனும் வேலைக்குப் போன பின் தொடர்மாடிப் படிகளில் அலைந்து திரிந்த பிள்ளைகளுக்காகவே அது தொடங்கப்பட்டது. நமது கொட்டாஞ்சேனைத் தோட்டங்களையும் மாடி வீடுகளையும் அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. 1944இல் அவர் இலங்கைக்கும் வந்து, பிள்ளையின் முதல் மூன்று வருடங்களைப் பற்றி 30 விரிவுரைகள் நடத்தினார்.

அவரது முறையில் பிள்ளைகள் கூட்டினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், பொத்தான் பூட்டினார்கள். பாடிக் காட்டும் பிளாஸ்டிக் சாமான் எதுவும் அதில் இருக்கவில்லை. இன்று அவரது பெயரை யாரும் எந்தப் பெட்டியிலும் அச்சடிக்கலாம். ஆகவே பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்துக் காசைக் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பதைப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? நான் பெற்றாருக்குச் சொல்வது ஒரு கேள்விதான். இந்தச் சாமானில் வேலை செய்வது யார், பிள்ளையா, சாமானா? பொத்தானை அமர்த்தினால் அதுவே பாடி, அதுவே ஆடி, அதுவே எண்ணிக் காட்டினால் பிள்ளைக்கு மிச்சமிருப்பது வேடிக்கை பார்ப்பது மட்டுமே. ஒரு மரக்கட்டை தானாக எதுவும் செய்யாது. பிள்ளைதான் அதை அடுக்க வேண்டும், தள்ள வேண்டும், வாகனமாக ஓட்ட வேண்டும். அந்த வேலையில்தான் கையும் கண்ணும் புத்தியும் ஒன்றோடொன்று பழகுகின்றன.

2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 10 முதல் 16 மாதம் வரையான 26 குழந்தைகள் பெற்றாரோடு விளையாடுவதை அவர்களது வீடுகளிலேயே ஒலிப்பதிவு செய்தார்கள். மின்சாரச் சாமான்கள், மரக்கட்டை போன்ற சாதாரண சாமான்கள், படப் புத்தகங்கள் என்று மூன்று வகை கொடுக்கப்பட்டன. மின்சாரச் சாமான் பேசும்போது பெற்றார் குறைவாகவே பேசினார்கள். குழந்தைகள் குரல் கொடுத்ததும் குறைந்தது. புத்தகத்தோடு இருந்தபோதுதான் பேச்சு அதிகமாக இருந்தது. குழந்தைக்கு மொழி வருவது தனக்குப் பதில் சொல்லும் ஒரு முகத்திலிருந்து. சாமான் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை.

இனி வயதுக்கு ஏற்ற விதம் சொல்கிறேன்.

பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு முழங்கை தூரத்துக்கு அப்பால் தெளிவாகத் தெரியாது. அதற்கு முதல் விளையாட்டுச் சாமான் உம்மாவின் முகமும் குரலும்தான். மூன்று, நான்கு மாதத்தில் கையால் பிடிக்கத் தொடங்கும்போது, கழுவக்கூடிய, வாயில் வைத்தாலும் பாதகமில்லாத கிலுகிலுப்பை போதும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு, மறைத்த பொருளைத் தேடும் புத்தி மெல்ல வருகிறது. துணிக்குள் கரண்டியை மறைத்து எடுத்துக் காட்டுங்கள். ஒன்பது மாதத்திலிருந்து போடுவது, எடுப்பது, திறப்பது, மூடுவது. என் கண்ணாடிக் கூடு அந்தப் பிள்ளையை இழுத்தது இதனால்தான். ஒரு பிளாஸ்டிக் வாளியும் நாலைந்து பெரிய மூடிகளும் இந்த வயதுக்கு நல்ல சாமான்.

ஒன்றரை வயதில் அடுக்கும் ஆசை வரும். கட்டைகள் இல்லாவிட்டால் குசினியிலுள்ள இடியப்பத் தட்டுகளைக் கொடுங்கள். இரண்டு வயதுக்குப் பிறகு பாவனை விளையாட்டு. சிரட்டையில் மண்சோறு ஆக்கியதை நாம் மறந்துவிட்டோமா? ஆண் பிள்ளைகளும் ஆக்கட்டும். மூன்று, நான்கு வயதில் சில துண்டுகள் கொண்ட படப் புதிர், களிமண், கோதுமை மாவு உருண்டை, வர்ணக் கட்டி, முனை மழுங்கிய கத்தரிக்கோல்.

ஆபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் இளைய மகளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது, பாடும் சாமான் ஒன்று கீழே விழுந்து பற்றரி மூடி கழன்றுவிட்டது. உள்ளே மூன்று பட்டன் பற்றரிகள் இருக்க வேண்டும். இரண்டுதான் கிடைத்தன. ஓட்டோவில் வைத்தியசாலைக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மூன்றாவது பற்றரி மறுநாள் கதிரைக்கு அடியில் கிடைத்தது. ஆனால் அந்த ஓட்டோப் பயணத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பட்டன் பற்றரி உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டே மணித்தியாலத்தில் உள்ளே எரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அல்லது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். பற்றரி மூடிக்கு திருகாணி இல்லாத சாமானை வாங்கவே வேண்டாம். சிறிய காந்தங்களும், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகளும் சிறு பிள்ளை உள்ள வீட்டுக்கு ஆகாது.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வாங்கும்போது இன்னொரு சோதனை. கழிவறைக் கடதாசிச் சுருளின் நடுக்குழாய்க்குள் புகக்கூடிய எதுவும் அந்தப் பிள்ளையின் தொண்டையில் சிக்கக்கூடியது. புறக்கோட்டை நடைபாதையில் வாங்கினாலும் பெரிய கடையில் வாங்கினாலும் சோதனை ஒன்றுதான். இழுத்துப் பாருங்கள், கண், சில்லு, பொத்தான் கழன்று வருகிறதா என்று. விரலால் தேய்த்துப் பாருங்கள், பூச்சு உரிகிறதா என்று.

கைத்தொலைபேசியை விளையாட்டுச் சாமானாகக் கணக்கெடுக்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. தரம் 1க்கு வரும் பிள்ளைகளில் இதன் பலனை நான் பார்க்கிறேன். ஆங்கில எழுத்துப் பாட்டை முழுதாகப் பாடும் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் பூட்டத் தெரியாது. பென்சிலைப் பிடித்தால் விரல் நோகிறது என்று அழும். நேற்று வீட்டில் என்ன செய்தாய் என்று கேட்டால் ஒரு வசனம் வராது.

ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களுக்கிடையில் சிறகு வைத்த ஒரு குதிரை இருந்ததை அபூதாவூத் கிரந்தத்தில் வரும் ஹதீஸ் சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் அது என்னவென்று கேட்டார்கள். குதிரைக்குச் சிறகா என்றும் கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததே என்று பதில் வந்தபோது சிரித்தார்கள். பொம்மைகள் பற்றிய மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியையாக என் மனதில் நிற்பது வேறொன்று. அல்லாஹ்வின் தூதர் ஒரு விளையாட்டுச் சாமானைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள், பதிலுக்குக் காத்திருந்தார்கள், அந்தப் பதிலில் மகிழ்ந்தார்கள். நமது வீட்டில் வாப்பா வேலை முடிந்து வந்ததும் பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்து இதைச் செய்யலாம். அதற்குச் செலவில்லை.

இடம் குறைந்த வீடுகளுக்கு ஒரு யோசனை. இருக்கும் சாமான்களில் பாதியைக் கட்டி மேலே வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மாற்றிக் கொடுங்கள். பிள்ளைக்கு அவை புதியவை போலத்தான். அயல் வீட்டாரோடும் சாமான்களை மாற்றிக்கொள்ளலாம், கழுவிவிட்டு.

என் மாணவிக்கும் இதையெல்லாம் சொன்னேன். பெட்டியிலிருந்த சிறு துண்டுகளைப் பொறுக்கி, பிள்ளைக்கு மூன்று வயதாகும் வரை எடுத்து வைக்கச் சொன்னேன். பாடும் சாமானின் பற்றரி மூடியைப் பார்த்தோம், திருகாணி இருந்தது. “அப்ப என்ட சல்லி வீண்தானா டீச்சர்?” என்றாள்.

“வீண் இல்ல மகள். பெட்டியில நாலு மரக்கட்ட ஈக்கிது. நீங்க பக்கத்துல இருந்து அடுக்கினா அது போதும்” என்றேன்.

போகும்போது கண்ணாடிக் கூட்டைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்க முடியவில்லை. அதையும் கொடுத்தே அனுப்பினேன்.