ஆங்கில இறந்தகால ஈறும் குற்றியலுகரமும்

ஆங்கிலத்தில் ஒழுங்கான வினைகள் இறந்தகாலத்தில் எழுத்தளவில் ஒரே ஈற்றைப் பெறும். அது ஈ, டி என்னும் ஈரெழுத்தாலாயது. ஒலிப்பில் அவ்வீறு மூவகைப்படும். டகர ஒலியில் முடியும் வினைகளின்பின் ‘இட்’ எனத் தனியசையாகும்; ஏனைய ஒலிப்பிலா மெய்களின்பின் ஒலிப்பிலா டகரமாகும்; உயிர்களின்பின்னும் ஏனைய ஒலிப்புடை மெய்களின்பின்னும் ஒலிப்புடை டகரமாகும். காத்திருந்தமையைக் குறிக்கும் ‘வெயிட்டிட்’, நடந்தமையைக் குறிக்கும் ‘வாக்ட்’, விளையாடியமையைக் குறிக்கும் ‘ப்ளேட்’ என்பன முறையே சான்றாம்.

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் தமிழ்வழிக் கற்று ஆங்கிலம் பேசப் புகும் மாணவர், எழுத்தைப் பின்பற்றி ‘வாக்கெட்’ என்பர். அன்றி உகரம் சேர்த்து ‘வாக்டு’ என்பர். விரைந்து பேசுங்கால் ஈற்றையே விடுதலும் உண்டு. ஈறு கெடின் காலமும் கெடும். முடிந்த செயல், வழக்கமான செயலாகக் கேட்பார்க்குத் தோன்றும். நேர்காணலில் தாம் செய்த பணியைக் கூறும் இளைஞர்க்கு இஃது இழப்பேயாம்.

இவ்விடர்ப்பாட்டின் காரணங்கள் நம் இலக்கணத்திலேயே உள. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆதலின் ஈற்று வல்லினத்திற்கு நம் நா உகரத் துணையை நாடுகின்றது. மேலும் க், ச், த், ப் என்பன தம்மொடு தாமே மயங்குமன்றிப் பிற மெய்களொடு மயங்கா. எனவே ‘க்ட்’, ‘ப்ட்’ என்னும் சேர்க்கைகள் நமக்கு அரியவாகின்றன.

இடர்ப்பாட்டை நீக்கும் வழியும் ஆண்டே உளது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் இறுதி இயல் குற்றியலுகரப் புணரியல். குற்றியலுகரத்தை அதன் அயலெழுத்து நோக்கி அறுவகையாகப் பகுப்பது நம் மரபு. ‘நாடு’ என்னும் நெடிற்றொடரிலும் ‘வண்டு’ என்னும் மென்றொடரிலும் டகரம் ஒலிப்புடையது. ‘பாட்டு’ என்னும் வன்றொடரில் ஒலிப்பிலாதது. ‘சங்கரன்கோவில்’ என்னும் ஊர்ப்பெயரிலேயே மெல்லினத்தின்பின் வரும் ககரம் இரண்டும் ஒலிப்புடையனவாதலைக் காண்க. திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் இம்மாற்றத்தை ஒரு விதியாகவே விளக்கினார். அயலொலிக்கேற்ப வல்லினம் மாறுதல் மாணவர் நாவில் முன்னரே பதிந்துள்ளது. ஆசிரியர் செய்யவேண்டுவது அதனை உணர்த்துதலே.

ஆதலின் பயிற்சியைப் பின்வருமாறு அமைத்தல் நலம். முதற்கண் ‘நாடு’, ‘பாட்டு’ என்பவற்றை ஒலிப்பித்து, குரல்வளையில் விரல் வைத்து வேறுபாட்டை உணரச் செய்க. பின்னர் விளையாட்டைக் குறிக்கும் ‘ப்ளேட்’, தட்டைக் குறிக்கும் ‘ப்ளேட்’ ஆகிய இரண்டையும் கற்பிக்க. தமிழெழுத்தில் ஒன்றாகத் தோன்றும் இவற்றுள் முன்னது நெடிற்றொடர் போன்றது. பின்னது வன்றொடர் போன்றது. முன்னதில் உயிர் சற்றே நீண்டொலித்தலையும் சுட்டுக. அடுத்து மழை பெய்தமையைக் குறிக்கும் ‘ரெய்ன்ட்’ என்பதை ‘வண்டு’ என்பதனோடு இயைத்துக் காட்டுக. ‘வாக்ட்’ போன்ற கடின மயக்கங்களை இறுதியில் எடுத்துக்கொள்க.

இனி உகரத்தை நீக்கும் முறை. ஈற்றை அடுத்து உயிர்முதற் சொல் வருமாறு செய்யின், மெய்யின்மேல் உயிர் ஏறி இயல்பாகப் புணரும். ‘வாக்ட்’ என்பதன்பின் ‘இன்’ வரின் ‘வாக்டின்’ என ஒலிக்கும்; உகரத்திற்கு ஆண்டு இடமில்லை. இவ்வாறு பயின்றபின் ஈற்றைத் தனியே நிறுத்தப் பழக்குதல் எளிது.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. கொள்ளையிட்டமையைக் குறிக்கும் ‘ராப்ட்’ போன்றவற்றில் ஈற்றயல் பகரம் ஒலிப்புடையதாதலின் டகரமும் ஒலிப்புடையது. நம் வன்றொடர்ப் பழக்கமோ இரண்டையும் ஒலிப்பிலாதனவாக்கும். இவ்வினைகளை ஆங்கில நெறிப்படியே தனித்துப் பயிற்றல் வேண்டும். ‘இட்’ எனத் தனியசையாதலும் அவ்வாறே தனித்துக் கற்பித்தற்குரியது.

தாய்மொழிப் பழக்கத்தைப் பிழையின் ஊற்றெனக் கருதி ஒதுக்குதல் ஆங்கில ஆசிரியரிடைக் காணப்படும் வழக்கம். அப்பழக்கத்தின் விதியை அறிந்தார்க்கு அதுவே படிக்கல்லாம். இப்பணியில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பது நம் கருத்து.