பழைய வண்டியும் புதிய வாரும்



அமெரிக்க நாட்டில் பழைய பிக்கப் வண்டிகளைப் பேணிக் காப்பது பலருக்கு நீங்காத பற்று. பாட்டனார் பண்ணையில் வைக்கோல் சுமந்த வண்டியைப் பேரன் பட்டறைக்குக் கொணர்கிறான், துருவைச் சுரண்டுகிறான், எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறான், வண்ணம் பூசி அழகு பார்க்கிறான். 1967 முதல் 1972 வரை வெளிவந்த ஷெவர்லே சி-10 வகை, இவ்வாறு போற்றப்படும் வண்டிகளுள் ஒன்று. ஆனால் எஞ்சினுக்கும் வண்ணத்துக்கும் கிடைக்கும் கவனம், இருக்கையின் மீது நைந்து கிடக்கும் வாருக்குக் கிடைக்கிறதா? ‘சீட் பெல்ட்’ என்று வழங்கும் அந்த இருக்கை வாரைப் பற்றியே இன்று நாம் சிறிது சிந்திப்போம்.

இடுப்பையும் தோளையும் ஒருசேரப் பிணைக்கும் மும்முனை வாரை, ஸ்வீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் உருவாக்கினார். அமெரிக்கக் கார்களில் இருக்கை வார் இருத்தல் வேண்டும் என்ற மத்திய விதி 1968 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சரக்கு வண்டிகளுக்கு அவ்விதி 1971 ஜூலையில்தான் வந்தது. ஆகவே பழைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் இடைவார் மட்டுமே உண்டு. சிலவற்றில் அதுவும் இல்லை.

வார் தாங்கவேண்டிய சுமை எவ்வளவு? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மரத்தில் மோதுவதாகக் கொள்வோம். உள்ளிருப்பவரைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவரை அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்த, சராசரியாக 1,200 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. கைகளால் தாங்கிக்கொள்ளலாம் என்பது வீண் எண்ணம். அவ்வளவு சுமையும் அந்தச் சிறு நாடாவின் மீதும், அதன் தையலின் மீதும், அதைத் தளத்துடன் பிணைக்கும் போல்ட்டின் மீதும் விழுகிறது. இம்மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும்.

வாரின் நாடா நைலான் அல்லது பாலியெஸ்டர் இழைகளால் நெய்யப்பட்டது. ஆண்டுக்கணக்கில் கண்ணாடி வழியே விழும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அவ்விழைகளை உள்ளூர அரிக்கின்றன. நெசவினுள் புகுந்த மணல் ஒவ்வோர் அசைவிலும் அரம்போல் அறுக்கிறது. பார்வைக்கு நாடா முழுமையாகத் தோன்றும். வலிமையோ பெரிதும் குறைந்திருக்கும். ஆகவே வாரை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து நோக்குதல் வேண்டும். ஓரத்தில் அறுந்த இழைகள், நிறம் வெளுத்த பகுதி, விறைத்துப் பளபளக்கும் இடம், பிரிந்த தையல், ஒட்டிக்கொள்ளும் பூட்டு ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் அந்த வார் ஓய்வு பெறவேண்டியதே. ஒருமுறை பெருமோதலைத் தாங்கிய வாரையும் மறுமுறை நம்புதல் கூடாது. அதன் இழைகள் அப்போதே நீண்டுவிட்டன.

அழுக்கு மட்டும் படிந்த நல்ல வாரை இளஞ்சூடான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி நிழலில் உலர்த்தலாம். வெளுப்பு மருந்தும் சாயமும் ஆகா. அவை அழகைத் தந்து வலிமையைக் கவர்ந்துவிடும். கிழிந்த இடத்தை வீட்டுத் தையல் இயந்திரத்தில் தைப்பது அதனினும் கேடு.

பழைய தோற்றமும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்போருக்கு வழி உண்டு. நிறுவனச் சின்னம் பொறித்த பழைய பூட்டையும் கொக்கியையும் இத்தொழிலில் தேர்ந்த பட்டறைக்கு அனுப்பினால், அவற்றைச் சோதித்துப் புதிய நாடாவைக் கோத்துத் தைத்துத் தருவர். அங்கே சுமையைத் தாங்குவது தையலே. ஆகையால் நூலின் தரமும் தையலின் அமைப்பும் அளவறிந்து செய்யப்படுகின்றன. அமெரிக்கத் தர விதிப்படி, புதிய இடைவாரின் நாடா ஏறத்தாழ 2,720 கிலோ இழுவிசையைத் தாங்குதல் வேண்டும். உடலில் படும் பகுதி 46 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலம் உடையதாதல் வேண்டும். பழம்பூட்டே பழுதுற்றிருந்தால் வாரை முழுமையாகப் புதிதாக வாங்குவதே அறிவுடைமை.

இனிப் பொருத்தும் முறை. இதற்கென 7/16 அங்குல விட்டமுள்ள வலிய போல்ட்டுகள் வழங்குகின்றன. கடையில் கிடைத்த ஏதோவொரு போல்ட்டை இட்டு நிரப்புதல் தகாது. வண்டியின் தளம் மெல்லிய தகடு. அதில் வெறும் துளையிட்டு வாஷர் வைத்து முடுக்கினால், மோதலின்போது போல்ட்டு தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். எனவே துருப்பிடித்த தகட்டை முதலில் சீர்செய்து, அடியில் அகன்ற தடித்த இரும்புத் தகடு தாங்குமாறு அமைத்தல் வேண்டும். இடைவார் வயிற்றின் மீது படியாமல் இடுப்பெலும்பின் மீது தாழ்வாகப் படியுமாறு முனைகள் அமைய வேண்டும்.

தோள்வாரும் சேர்க்க விரும்புவோர் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. முதலாவது, மேல்முனை தோளின் மட்டத்திலோ அதற்கு மேலோ இருத்தல் வேண்டும். தாழ்ந்திருந்தால் வார் தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். இரண்டாவது, நாம் குறிப்பிட்ட சி-10 வண்டியில் பெட்ரோல் டாங்க் இருக்கைக்குப் பின்னால், ஓட்டுநர் அறைக்குள்ளேயே உள்ளது. அதை அகற்றாமல் பின்சுவரில் துளையிடுவது உயிரோடு விளையாடுவதாகும். தானே சுருட்டிக்கொள்ளும் உருளையைப் பொருத்தும்போது அதற்கென விதித்த சாய்வில் வைத்தல் வேண்டும். சாய்வு தவறினால் அதனுள்ளிருக்கும் பூட்டும் பொறி வேண்டாதபோது இறுகும். வேண்டியபோது இறுகாமலும் போகும்.

மற்றொன்று. பேரன் தன் குழந்தையை அந்த நீள இருக்கையின் நடுவில் அமர்த்திக்கொண்டு உலாப் போக விரும்புவான். இடைவார் மட்டும் உள்ள இடத்தில் குழந்தையை உயர்த்தி அமர்த்தும் இருக்கையைப் பயன்படுத்துதல் கூடாது. அதற்குத் தோள்வாரும் தேவை. அந்த ஏற்பாடு இல்லையேல் குழந்தை வேறு வண்டியில் வருவதே நன்று.

நம் நாட்டில் 1994 முதல் முன்னிருக்கை வாருடன் வண்டிகளைச் செய்தல் கட்டாயமாயிற்று. வார் அணியாதோருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என 2019-இன் திருத்தச் சட்டம் விதித்தது. அதற்கு முந்திய ஜீப்பையோ காரையோ பேணுவோர் இங்கும் உளர். மேற்சொன்ன கருத்துகள் அவர்களுக்கும் பொருந்தும்.

பாட்டனாரின் வாரை எறிந்துவிட மனம் வரவில்லையா? அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் போற்றுவோம். அது அவர் நினைவைக் காக்கட்டும். பேரனின் உயிரைக் காக்கும் பணியைப் புதிய வார் ஏற்கட்டும்.