இரத்தத்தில் துத்தநாகம், செம்பு, இரும்பு

செம்பையும் துத்தநாகத்தையும் உருக்கிச் சேர்த்தால் பித்தளை என்று நமக்குத் தெரியும். அதே இரண்டு உலோகமும், கூடவே இரும்பும், நம் அம்மாக்களின் இரத்தத்தில் ஓடுகின்றன. சர்க்கரை நோய் வந்த பெண்களுக்கு அவற்றின் அளவு என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. டிப்ளமோ படிக்கிற நமக்கு இது எதுக்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் லேப் ரிப்போர்ட் வந்தால் படித்துச் சொல்கிற ஆள் நான் ஒருத்திதான். அம்மாவுக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை. போன வருடம் யாரோ சொன்னார்கள் என்று ஒரு டப்பா மாத்திரை வாங்கி வந்து, "துத்தநாகம், குரோமியம் எல்லாம் இருக்காம், சுகர் எறங்கிடுமாம். என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு கண்ணு" என்று நீட்டினார். அதைப் படிக்கப் போய்த்தான் மற்றதெல்லாம் தெரிய வந்தது.

வளர்ந்த மனித உடம்பில் இரும்பு மொத்தம் 3 அல்லது 4 கிராம், துத்தநாகம் 2 அல்லது 3 கிராம். செம்பு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான். பெண்களுக்கு இரும்பு இன்னும் குறைவு. இவ்வளவு சொற்பமாக இருப்பதால்தான் நுண் தாதுக்கள் என்று பெயர்.

இதில் துத்தநாகத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் நேரடி உறவு உண்டு. கணையம் தயாரிக்கிற இன்சுலினை ஆறு ஆறு மூலக்கூறாகக் கட்டி வைக்கிறது. அந்தக் கட்டின் நடுவே இரண்டு துத்தநாக அயனிகள், நம்ம ஊர் நட்டு போல்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். இன்சுலின் படிகத்தில் துத்தநாகம் இருப்பதை 1934-ல் ஸ்காட் என்பவர் காட்டினார். அந்தக் கட்டின் முழு அமைப்பை எக்ஸ்ரே முறையில் 1969-ல் கண்டவர் டோரத்தி ஹாட்ஜ்கின் என்ற பெண்மணியும் அவர் குழுவும்.

சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரில் துத்தநாகம் கூடுதலாக வெளியேறுகிறது. இரத்தத்தில் துத்தநாகம் குறைந்தும் செம்பு கூடியும் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சரி, குறைந்ததை மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் போச்சு என்று நானும் முதலில் நினைத்தேன். அளக்கிற விஷயத்தைப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

கம்பியில் உப்பைத் தொட்டுத் தீயில் காட்டினால் சோடியம் மஞ்சளாகவும் செம்பு பச்சையாகவும் எரியும் அல்லவா? அந்தச் சோதனைக்குச் சொந்தக்காரக் கருவிதான் அணு உறிஞ்சல் நிறமாலைமானி. 1955-ல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் வெளியிட்ட முறை. துத்தநாகத்துக்கு 213.9 நானோமீட்டர் ஒளியைச் சுடர் வழியே விட்டு, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்பார்கள். இரத்த நீரில் துத்தநாகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். இவ்வளவு சின்ன அளவை எது வேண்டுமானாலும் கெடுக்கும். குழாயின் ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கசியும். சிவப்பணு உடைந்தால் உள்ளே இருக்கிற துத்தநாகம் கொட்டி அளவு ஏறிவிடும். சாப்பிட்ட பிறகு எடுத்தால் இறங்கும். காய்ச்சல், புண் இருந்தாலும் துத்தநாகம் கல்லீரலுக்குப் போய்விடுவதால் இறங்கும், செம்பு ஏறும்.

பெண்கள் என்றால் இன்னும் சிக்கல். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் செம்பின் அளவை ஏற்றும். கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் செம்பு நன்றாகக் கூடிவிடும். ஆகவே ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் செம்பு அதிகம் என்றால் அது சர்க்கரையாலா, மாத்திரையாலா, காலில் ஆறாத புண்ணாலா? எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

குரோமியம் கதை வேறு. 1977-ல் கனடாவில், நீண்ட காலம் இரத்தக்குழாய் வழியாக மட்டுமே உணவு ஏற்றப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை நோய் போன்ற நிலை வந்தது. குரோமியம் கொடுத்ததும் சரியானது. அவருக்கு உண்மையாகவே அது பற்றாக்குறை. சோறு சாப்பிடுகிற நமக்கு அந்தக் கணக்கைப் போடலாமா? 2014-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், குரோமியம் அவசியமான சத்து என்பதற்கே போதிய சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும், பற்றாக்குறை இல்லாதவர்கள் சர்க்கரையைக் குறைப்பதற்காக இந்த மாத்திரைகளைச் சாப்பிடச் சொல்வதில்லை. துத்தநாகம் அளவுக்கு மிஞ்சினால் செம்பைக் குடலிலேயே தடுத்து, இரத்தசோகையில் கொண்டுபோய் விடும்.

நம் ஊர்ப் பெண்களுக்கு நிஜமாகக் கவனிக்க வேண்டியது இரும்புதான் என்பது என் அபிப்பிராயம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. மூன்று மாதச் சர்க்கரை என்று ஒரு டெஸ்ட் எடுக்கிறார்களே, அது ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இரும்பு போதாதபோது புது அணுக்கள் வருவது குறைகிறது, பழைய அணுக்களே அதிகம் சுற்றுகின்றன, அவற்றில் சர்க்கரை அதிகம் ஒட்டியிருக்கும் என்பது சொல்லப்படும் காரணம். ஆக நோய் ஏறாமலே ரிப்போர்ட் ஏறும்!

அம்மாவுக்கு நடந்தது இதுதான். வெறும் வயிற்றில் 118, சாப்பிட்ட பின் 160 என்று இருக்க, மூன்று மாதக் கணக்கு மட்டும் 7.8. "நான் ஒண்ணும் இனிப்பு திங்கலையே" என்று அழுதேவிட்டார். அதே தாளில் மேலே ஹீமோகுளோபின் 8.6 என்று இருந்ததை யாரும் பேசவில்லை. நான் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் டாக்டரம்மா மாதவிலக்கு பற்றிக் கேட்டார். பல வருடமாக அதிகப் போக்கு. அம்மா யாரிடமும் சொன்னதில்லை. பெர்ரிட்டின் டெஸ்டும் குறைவாக வந்தது. அதைப் பார்த்துத்தான் இரும்பு மாத்திரை எழுதினார். இரும்புச் சேமிப்பு மிகுதியாக இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் கூடுதலாகக் காணப்படுவதால், டெஸ்ட் இல்லாமல் யாரும் ஆரம்பிக்கக் கூடாது என்றும் சொன்னார். சர்க்கரை மாத்திரையை மாற்றவில்லை. சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்தச் சொன்னார், டீ இரும்பை உடம்பில் சேரவிடாதாம். அம்மாவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான்கு மாதம் கழித்து எடுத்ததில் ஹீமோகுளோபின் 11.4, மூன்று மாதக் கணக்கு 7.1. வெறும் வயிற்றுச் சர்க்கரை அதே 120 பக்கம்தான். அந்த டப்பா இன்னும் எங்கள் அலமாரியில் பாதி மாத்திரையோடு இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வரவில்லை.